பர்சிலா தாத்தா ஏன் அரண்மனைக்குப் போகலை?

இந்த மாசம் மழை விடாம அடிச்சதுல வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தவங்க எல்லாரும் எனக்கு எழுத உக்காந்துட்டீங்க போல, ஒரு கட்டு லெட்டர், அது போதாதுன்னு பேத்தி வேற வைபர்ல வந்ததையெல்லாம் படிச்சுக் காட்டினா. பாதிக்கு மேல வயசாகிறதைப் பத்திதான். எனக்கும் எழுபத்தாறு ஆச்சு, முட்டி வலி, ஒரு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இன்னொண்ணு பாக்கி. அதனால இது போதகர் பிரசங்கம்னு நினைச்சுக்காதீங்க, ஞாயிறு பள்ளியில நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கதை சொன்னவ நான், அதே கதைய இப்ப திரும்ப வாசிச்சா வேற மாதிரி தெரியுது, அதைத்தான் சொல்றேன்.

டீச்சரம்மா, என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மகன் சிங்கப்பூர்ல வேலை, அங்க வந்துடுங்கன்னு போன் பண்ணும்போதெல்லாம் அழறான். எனக்கு இங்கதான் சபை, இங்கதான் அவர் கல்லறை. போறதா, இருக்கறதா? கர்த்தரோட சித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? — தான்லின் வாசகி, வயசு 72

இந்தக் கேள்விக்கு எல்லாரும் மாமியாரை விடாம கூடப் போன ரூத்தைத்தான் இழுப்பாங்க, நீ போற இடத்துக்கு நானும் வருவேன்னு. ரூத் சின்னப் பொண்ணும்மா, அவளுக்கு முட்டி நல்லா இருந்துச்சு. உங்களுக்கு நான் பர்சிலாவைச் சொல்றேன். பைபிள்ல ரெண்டாம் சாமுவேல் புஸ்தகத்துல வர்ற ஆளு, நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் பிள்ளைங்களுக்கு இந்தக் கதை சொன்னதில்ல, ஏன்னா இதுல சிங்கமும் இல்ல திமிங்கிலமும் இல்ல.

தாவீது ராஜா சொந்த மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடிப்போய் மக்னாயீம்ங்கற ஊர்ல நிக்கும்போது இந்தக் கிழவர்தான் இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து சாமான் கொண்டு வந்து இறக்கறாரு. என்னென்னன்னு வேதத்துல ஒவ்வொண்ணா போட்டிருக்கு பாருங்க, மெத்தை, பாத்திரம், மண்சட்டி, கோதுமை, மாவு, வறுத்த பயறு, தேன், வெண்ணெய். கல்யாண வீட்டுக்கு லிஸ்ட் போட்ட மாதிரி. அப்புறம் சண்டை முடிஞ்சு ராஜா ஊருக்குத் திரும்பும்போது, ஐயா நீங்க என்கூட எருசலேமுக்கு வந்துடுங்க, உங்களை நான் வச்சுப் பார்த்துக்கறேன்னு கூப்பிடறாரு. அதுக்கு இவர் சொன்ன பதில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எனக்கு எண்பது வயசு, சாப்பிட்டா ருசி தெரியாது, பாட்டுப் பாடினா காது கேக்காது, நான் எதுக்கு ராஜாவுக்குப் பாரமா இருக்கணும், என் ஊர்ல அப்பா அம்மா கல்லறைக்குப் பக்கத்துலயே செத்துப்போறேன் விடுங்கங்கறாரு. இதுல கர்த்தருடைய சித்தம்னு ஒரு வார்த்தை கிடையாது, கவனிச்சீங்களா? நாக்கு, காது, கல்லறை, இந்த மூணுதான் காரணம். அதைக் கேட்டு ராஜாவும் கோவிச்சுக்கலை, முத்தம் குடுத்து ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்பி வைக்கறாரு.

ஆனா சும்மா முகத்துல அடிச்ச மாதிரி வரலைன்னும் சொல்லலை. யோர்தான் ஆறு வரைக்கும் கொஞ்ச தூரம் கூட வரேன்னு வர்றாரு. எனக்குப் பதிலா இந்தக் கிம்காமைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு சின்னப் பையனை அனுப்பறாரு. அந்தக் கிம்காம் பேர்ல பெத்லகேம் பக்கத்துல ஒரு இடமே இருந்துச்சுன்னு பின்னாடி எரேமியா புஸ்தகத்துல வருது. வேணாம்னு சொன்ன கிழவரால அந்தப் பையனுக்கு ஒரு வழி பிறந்துச்சு.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். உங்க யோர்தான் எதும்மா? மூணு மாசம் போய் இருந்துட்டு வாங்க, பேரப்பிள்ளைங்க முகத்தைப் பாருங்க, மகன் அழுகையும் கொஞ்சம் அடங்கும். அப்புறம் முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கல்லறைக்காக இருக்கீங்களா, இல்ல மருமக வீட்டுல ரெண்டாவது ஆளா இருக்கணுமேன்னு இருக்கீங்களா? மருமக வீடுதான் காரணம்னா கல்லறை மேல பழி போடாதீங்க. இன்னொண்ணு, பர்சிலா பெரிய பணக்காரர்னு அங்கயே எழுதியிருக்கு, வேலைக்கு ஆள் இருந்திருக்கும். நமக்கு அந்த வசதி இல்ல. ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யார் வருவா? வீட்டுச் சாவி ஒண்ணு பக்கத்து வீட்டுல குடுத்து வச்சிருக்கீங்களா? காலையில ஆறு மணிக்கு ஒரு ஆள் போன் பண்ணி எழுந்துட்டீங்களான்னு கேக்குமா? இதுக்கெல்லாம் ஆமான்னா தாராளமா இருங்க.

1964ல இங்க பர்மாவுல கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டு, 50 கியாட் 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னு ஆனப்ப எங்க தெருவுல பாதி வீடு கப்பல் ஏறிடுச்சு மெட்ராஸுக்கு. எங்க அப்பா போகலை. ஏன்னு பின்னாடி கேட்டதுக்கு, உங்கம்மாவுக்கு அப்ப எட்டு மாசம், கப்பல்ல எப்படிடீ ஏத்தறதுன்னாரு. தேவ சித்தம் அது இதுன்னு ஒண்ணும் பேசலை. அந்தப் பிள்ளை என் தம்பி, இப்ப அவனுக்கே அறுபது தாண்டிடுச்சு.

பல் செட்டு வச்சதுல இருந்து திருவிருந்து அப்பம் மேல் அண்ணத்துல போய் ஒட்டிக்குது, விரலை விட்டு எடுக்கலாமா? — ரங்கூன் வாசகர்

ஆராதனைக்கு முன்னாடி ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க, ஒட்டாது. ஒட்டினா நாக்கால தள்ளுங்க, அவசரம் வேணாம், பக்கத்துல இருக்கறவரும் அதைத்தான் பண்ணிட்டு இருப்பாரு.

நாங்க கத்தோலிக்கர். வருஷா வருஷம் பிப்ரவரியில ஞௌங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போயிடுவேன். இப்ப ரெண்டு வருஷமா முடியலை. வீட்டுல ஜெபமாலை கையில எடுத்தா மூணாவது மணியிலயே தூங்கிடறேன். விசுவாசம் குறைஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு. — பெகு வாசகர், வயசு 78

முதல்ல உங்க மாத்திரைச் சீட்டை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போங்கய்யா. பிரஷர் மாத்திரையில சிலது, அரிப்புக்கும் சளிக்கும் குடுக்கற மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்குப் போடறது, இதெல்லாம் பகல்ல ஆளைச் சாய்ச்சுடும், சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அப்படித்தான், தைராய்டு குறைஞ்சாலும் அப்படித்தான். அது எதுவும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம் விசுவாசத்தைப் பத்திப் பேசலாம்.

எனக்கும் இந்தப் பயம் வந்துச்சு, அதனால சொல்றேன். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துல சூரைச்செடி நிழல்ல உக்காந்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கோங்கன்னுட்டு படுத்துத் தூங்கிடறாரு. ஜெபம் ரெண்டு வரி, அதுக்கப்புறம் தூக்கம். வந்த தூதன் திட்டலை. தட்டி எழுப்பி, தணல்ல சுட்ட அடையும் ஒரு செம்புத் தண்ணியும் வச்சிருக்கேன் சாப்பிடுங்கறான். அவரும் சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துக்கறாரு! ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான். நீ போக வேண்டிய தூரம் ஜாஸ்திங்கறான், அவ்வளவுதான் பேச்சு. ஏன் தூங்கினேன்னு ஒரு கேள்வி கிடையாது. ஞாயிறு பள்ளியில நான் இதைச் சொல்லும்போது அடையைச் சீக்கிரமா தாண்டி, காத்து, பூமியதிர்ச்சி, நெருப்புன்னு அடுத்த பகுதிக்கு ஓடிடுவேன். பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்கும். இப்ப எனக்கு அடைதான் பிடிக்குது.

நான் சபையில வேற ஆளு, ஜெபமாலை சொல்லத் தெரியாது, ஆனா மூணாவது மணியில தூங்கினா அந்த மணி வரைக்கும் சொன்னீங்கன்னுதானே அர்த்தம். ராத்திரியில வேணாம், காலையில டீ குடிச்சப்புறம் ஜன்னல் பக்கம் உக்காந்து சொல்லிப் பாருங்க. ஞௌங்லேபினுக்கு இந்த வருஷம் போறவங்ககிட்ட மெழுகுவத்திக்குக் காசு குடுத்து விடுங்க.

1987ல அம்மா வீட்டை வித்து, என் பங்கை அண்ணன் முழுசா 75 கியாட் நோட்டா எண்ணிக் கொடுத்தாரு. எட்டே நாள்ல அது செல்லாம போச்சு. தெரிஞ்சேதான் குடுத்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் நம்பறேன், அவர்கிட்ட பேசறதை விட்டுட்டேன். இப்ப அவருக்கு 81, எல்லாம் மறந்து போச்சாம், மருமக வந்து பார்க்கச் சொல்றா. மன்னிப்புக் கேக்கக்கூட ஞாபகம் இல்லாத ஆளை நான் எப்படி மன்னிக்கிறது? — மோல்மேன் வாசகி, வயசு 70

தங்கச்சி, உன் லெட்டரை ரெண்டு நாள் மேஜை மேல வச்சே பார்த்துட்டு இருந்தேன். இதை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியலை.

நோட்டு விஷயத்தை முதல்ல பேசிடலாம். 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 மூணும் செல்லாதுன்னு திடீர்னு சொன்னாங்க, மாத்திக்கவும் வழி இல்ல. அப்புறம் 45, 90ன்னு ஒன்பதால வகுபடற நோட்டு வந்துச்சு. எங்க வீட்டுல அரிசி டின்னுக்குள்ள இருந்தது போச்சு, எதிர் வீட்டுப் பர்மாக்காரர் மகள் கல்யாணத்துக்கு வச்சிருந்தது போச்சு. முன்கூட்டியே தெரிஞ்சிருந்தா உங்க அண்ணன் வீட்டை வித்திருப்பாரா சொல்லு, விக்காம நிறுத்தியிருப்பாரே? அவர் பங்கும் எந்த நோட்டுல இருந்துச்சுன்னு நீ எழுதலை. அவர் பங்கு மட்டும் தங்கமா இருந்துச்சுன்னா நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். இல்லைன்னா நீ யோசிக்கணும். என் வீட்டுக்காரர் ஒரு 75 நோட்டை, ஆங் சான் படம் போட்டது, பைபிள்ல 49ஆம் சங்கீதம் பக்கத்துல அடையாளமா வச்சிருந்தாரு. அவர் போயும் அது அங்கயேதான் இருக்கு, ஓரமெல்லாம் பழுப்பாயிடுச்சு. அந்தச் சங்கீதத்துல சாகும்போது ஒண்ணும் கொண்டு போறதில்லைன்னு வரும். குசும்பு பிடிச்ச மனுஷன்.

சரி, தெரிஞ்சேதான் குடுத்தாருன்னே வச்சுப்போம். யோசேப்பு கதையைத் திறந்து அதிகார நம்பரைப் பாரு. தன்னை அடிமையா வித்துப்போட்ட அண்ணன்மாரைக் கட்டிப் பிடிச்சு அழறது ஆதியாகமம் 45. அப்ப அவங்க பேச வாய் வராம நிக்கறாங்க, மன்னிச்சுடுன்னு யாரும் சொல்லலை. மன்னிச்சுடுன்னு சொல்றது 50ஆம் அதிகாரத்துல, அப்பா செத்தப்புறம், அதுவும் இனிமே பழி வாங்கிடுவானோங்கற பயத்துல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பறாங்க. நடுவுல அப்பா யாக்கோபு எகிப்துல இருந்தது 17 வருஷம். 17 வருஷம் அவங்களுக்குச் சோறு போட்டிருக்கான் அந்த வார்த்தை வராமலே. வந்தப்ப சந்தோஷப்பட்டான்னு எழுதலை, அழுதான்னுதான் எழுதியிருக்கு. இத்தனை நாளா என்னை நம்பவே இல்லையாடா நீங்கன்னு அழுதிருப்பான், அப்படித்தான் எனக்குத் தோணுது.

உனக்கு அந்த 50ஆம் அதிகாரம் வராது தங்கச்சி, அண்ணன் மூளையில அந்தப் பக்கமே கிழிஞ்சு போச்சு. அது உனக்கு நஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். பணம் போனதும் நிஜம், நீ கஷ்டப்பட்டதும் நிஜம், ஒண்ணுமே நடக்கலைன்னு நீ நடிக்க வேண்டாம். ஆனா போய்ப் பாரு. பஸ் ஏறிப் போறதுக்கு முடிஞ்சா மழை விட்டதும் போ.

போனா என்னைத் தெரியுதா என்னைத் தெரியுதான்னு பரீட்சை வைக்காதே, அவங்களுக்கு அது பெரிய அவமானம். அண்ணா நான்தான் வந்திருக்கேன்னு பேரைச் சொல்லிட்டு உக்காரு. நோட்டுப் பேச்சு எடுக்காதே. சின்ன வயசுல அம்மா அடுப்பங்கரையில பாடின ஞானப்பாட்டு ஏதாவது மெதுவா பாடு. இந்த வியாதியில நேத்து நடந்ததுதான் முதல்ல போகும், பழைய பாட்டும் மனப்பாட வசனமும் ரொம்ப நாள் நிக்கும். எங்க சபையில ஒரு பெரியவர், மகன் பேரே தெரியாது, இருபத்து மூணாம் சங்கீதத்தை மட்டும் ஒரு எழுத்து விடாம சொல்லுவாரு. உங்க அண்ணனுக்குள்ள 1987க்கு முன்னாடி இருந்த அண்ணன்தான் இப்ப மிச்சம் இருக்காரு. போகும்போது செனுவின்மக்கின், அதான் நம்ம பர்மா ரவை கேக், கொஞ்சம் செஞ்சு எடுத்துட்டுப் போ, ரவை கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டும், அவருக்கு விழுங்கறதுக்குச் சுலபமா இருக்கணும்.

என் மகன் பர்மா பாஷையில ஜெபம் பண்றான்னு மாமியார் தினமும் சண்டை. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. யார் பக்கம் நியாயம்? — ரங்கூன் வாசகி, வயசு 44

பையன் பக்கம்தான். மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடுங்க, என்கிட்ட சண்டைக்கு வரட்டும். அந்தப் பர்மா வேதம் ஒண்ணும் சும்மா வரலைம்மா. ஜட்சன் ஐயான்னு ஒரு அமெரிக்க மிஷனரி, அவர் ரங்கூன்ல வந்து இறங்கினது 1813, முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1819, ஆறு வருஷம் ஒருத்தருக்காகக் காத்திருந்தாரு. 1824 இங்கிலீஷ்காரங்க சண்டையில பர்மா ராஜா அவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டப்ப, மொழிபெயர்த்த கையெழுத்துப் பிரதியை அவர் மனைவி தலகாணிக்குள்ள வச்சுத் தச்சுக் குடுத்தாங்க. முழு வேதமும் மொழிபெயர்த்து முடிச்சது 1834. அவ்வளவு பாடுபட்டு வந்த பாஷையில ஒரு பையன் கர்த்தரைக் கூப்பிட்டா கர்த்தருக்குப் புரியாதா என்ன?

ஆனா மாமியார் மனசுல இருக்கறது வேற, தன் பேரன் தனக்கு அந்நியமா போறானேங்கற பயம். நான் தமிழ் படிச்ச கதையைச் சொல்றேன். எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தினமும் ராத்திரி நான்தான் சங்கீதம் வாசிச்சுக் காட்டணும், தப்பா வாசிச்சா மனப்பாடத்துல இருந்து திருத்துவாங்க, குட்டும் விழும். பள்ளிக்கூடத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் எங்க பக்கத்துல தமிழ் தெரிஞ்ச பிள்ளைங்கன்னா இந்த மாதிரி யாருக்காவது வாசிச்சுக் காட்டின பிள்ளைங்கதான். உங்க மாமியாருக்கு இப்ப கண்ணு மங்கல்தானே? கண்ணு தெரியலடா, பாட்டிக்கு ஒரே ஒரு வரி வாசிச்சுக் குடுன்னு அவங்களையே கேக்கச் சொல்லுங்க. படின்னு அதட்டினா படிக்க மாட்டான், எனக்கு உன்னால ஆகணும்டான்னா வருவான். முதல் மாசம் ரெண்டு எழுத்துதான் தெரியும். பரவாயில்ல.

மனைவி இறந்து மூணு வருஷம். கால் நகத்தைக் குனிஞ்சு வெட்ட முடியலை. மருமகள் நான் வெட்டறேன் மாமாங்கறா, எனக்கு உடம்பு கூசுது. யாருக்கும் பாரமா இல்லாம போயிடணும்னுதான் தினமும் ஜெபிக்கறேன். இது தப்பா? — ரங்கூன் வாசகர், வயசு 79

தப்புன்னு சொல்லலைங்கய்யா, நானும் அதே ஜெபம் பண்ணினவதான். இப்ப நிறுத்திட்டேன்.

இயேசுவோட சீஷன் பேதுருவை எடுத்துக்கோங்க. இயேசு காலைக் கழுவ வந்தப்ப, என் காலை நீங்க ஒருநாளும் கழுவக் கூடாதுன்னு காலை இழுத்துக்கிட்ட ஆளு. யோவான் 13. அதே யோவான்ல 21ஆம் அதிகாரத்துல அவர்கிட்டயே என்ன சொல்றாருன்னு பாருங்க, சின்ன வயசுல நீயே இடுப்புக் கட்டிக்கிட்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனே, வயசானப்புறம் நீ கையை நீட்டுவே, வேற ஒருத்தன் உனக்குக் கட்டி விடுவான், உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கூட்டிட்டுப் போவான். அது பேதுரு எப்படிச் சாவார்னு சொன்னதுன்னு யோவானே எழுதியிருக்காரு, வாஸ்தவம். ஆனா எனக்கு இப்ப தினமும் காலையில ஜாக்கெட் கொக்கி மாட்ட கை பின்னாடி போகாதப்ப அந்த வசனம்தான் வருது.

2008 நர்கிஸ் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. மே 2 ராத்திரி ஆரம்பிச்சு விடிஞ்சு பார்த்தா தெரு முழுக்க மரம் சாஞ்சு கிடக்கு, கரண்ட் இல்ல, கரண்ட் இல்லாம மோட்டார் ஓடலை, நாங்க நாலாவது மாடி, குடிக்கத் தண்ணி இல்ல. மூணாம் நாள் கீழ் மாடிப் பர்மாக்காரம்மா, தினமும் காலையில புத்தருக்குப் பூ வைக்கறவங்க, என்னைவிட வயசுல மூத்தவங்க, ரெண்டு கையிலயும் தண்ணியைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்து நிக்கறாங்க மூச்சு வாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேணாங்க, எங்ககிட்ட இருக்குன்னேன். சுத்தப் பொய். வீட்டுல ஒரு சொட்டு கிடையாது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் பிள்ளைங்களுக்கு நல்ல சமாரியன் பாடம் எடுத்திருந்தேன், அதுல நான் எப்பவும் கழுதை மேல ஏத்தி விடறவளாத்தான் என்னை நினைச்சுக்குவேன், அடிபட்டு ரோட்டுல கிடக்கறவளா ஒருநாளும் நினைச்சதே இல்ல. அந்தம்மா என் முகத்தைப் பார்த்தாங்க, ஒண்ணும் பேசலை, வாசல்ல வச்சுட்டு இறங்கிப் போயிட்டாங்க. காலி வாளியைத் திருப்பிக் குடுக்க எனக்கு நாலு நாள் ஆச்சு, தண்ணி தீரலைங்கறதுக்காக இல்ல.

அவங்களும் போயிட்டாங்க. இப்ப அவங்க பேத்திதான் காலையில மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரும்போது பால்கனியில இருந்து தொங்கற என் கயித்து கிளிப்புல காய்கறிப் பையை மாட்டிட்டு இழுத்து விடும், மேல மணி அடிக்கும், நான் தூக்கிப்பேன். முன்னெல்லாம் ஒவ்வொரு தடவையும் அது செஞ்சதுக்குப் பதிலா நான் என்ன செய்யணும்னு கணக்குப் போட்டுட்டு இருப்பேன், இட்லி குடுத்து விடவா, காசு குடுக்கவான்னு. இப்ப தேங்க்ஸ் சொல்லிட்டு வெண்டைக்காய் முத்தலா இருக்கான்னு பார்க்கறேன்.

நகத்துக்கு வர்றேன். குளிச்சு முடிச்சதும் வெட்டச் சொல்லுங்க, இல்ல பத்து நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில காலை வச்சிருங்க, வயசான நகம் கெட்டி, அப்பதான் மசியும். நேரா வெட்டணும், ஓரத்துல வளைச்சு உள்ள வெட்டக் கூடாது. சர்க்கரை இருந்தா மருமகளுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க, சின்னக் காயம்கூட சீக்கிரம் ஆறாது, புண்ணு கிண்ணு தெரிஞ்சா வீட்டு வைத்தியம் வேணாம், டாக்டர்தான். நல்ல வெளிச்சத்துல, பகல்லயே உக்காருங்க. கூசத்தான் செய்யும், முதல் தடவை எனக்கும் கூசிச்சு. அந்தப் பொண்ணு வெட்டிட்டு இருக்கும்போது பேசுங்க, மாமியார் கல்யாணத்தப்ப எப்படி இருந்தாங்கன்னு அவளுக்குத் தெரியாது இல்லையா, அதைச் சொல்லுங்க, பத்து விரல் முடியறதே தெரியாது.